வாசகர் கேள்வி பதில்: ஆளே இல்லாத அலுவலகத்திலிருந்து போன அழைப்புகள்

அலுவலகத் தொலைபேசி வழியாக நடக்கும் மோசடிகளைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதினேன். அழைப்பவரிடமிருந்து கூடுதல் கட்டணம் வசூலித்து, அதில் ஒரு பங்கை எண்ணின் சொந்தக்காரருக்குத் தரும் பிரீமியம் எண்கள் இருக்கின்றன, திருடர்கள் அந்த எண்களுக்கு உங்கள் போனிலிருந்தே அழைக்க வைக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

கேள்வி: ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். தொலைபேசி நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் அழைத்தார். லைனைச் சோதிக்க வேண்டும், 9, 0, ஹேஷ் மூன்றையும் அழுத்திவிட்டு ரிசீவரை வைத்துவிடுங்கள் என்றார். நானும் செய்தேன். அடுத்து வந்த பில்லில் ஏகப்பட்ட வெளிநாட்டு அழைப்புகள். என் சம்பளத்தில் பிடிக்கப் போவதாக நிர்வாகம் சொல்கிறது. நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா?

இல்லை சகோதரி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் உங்கள் மேல் இல்லை.

நடந்தது என்னவென்று பார்ப்போம். உங்கள் மேசையில் இருப்பது தனி போன் கிடையாது, மருத்துவமனை முழுவதற்கும் பொதுவான எக்ஸ்சேஞ்சின் ஒரு முனை. அதில் உள்ளே பேச எக்ஸ்டென்ஷன் எண், வெளியே பேச 9 என்று வைத்திருப்பார்கள். சில எக்ஸ்சேஞ்சுகளில் உள்ளே வந்த ஓர் அழைப்பை அப்படியே வெளி லைனுக்கு மாற்றிவிட முடியும். நீங்கள் 9 அழுத்தி ரிசீவரை வைத்ததும் அந்த ஆள் கையில் உங்கள் மருத்துவமனையின் வெளி லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எந்த எண்ணைச் சுழற்றினாலும் கணக்கு உங்கள் பெயரில்தான் ஏறும்.

இதற்கு இன்னொரு வடிவம் உண்டு, மருத்துவமனைகளில் அதுதான் அதிகம் பலிக்கிறது. நோயாளியின் உறவினர் மாதிரி பதற்றமான குரலில் ஒருவர் அழைப்பார், அல்லது டாக்டர் மாதிரி அதட்டலாகப் பேசுவார். 9011க்கு மாற்றுங்கள் என்பார். கேட்டால் வார்டு எக்ஸ்டென்ஷன் போலத்தான் இருக்கும். ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள்: 9 என்பது வெளி லைன், 011 என்பது அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அழைக்கும்போது முதலில் போட வேண்டிய எண். மற்ற பெரும்பாலான நாடுகளில் அந்த இடத்தில் 00 வரும், அதனால் அங்கே 900 என்று தொடங்கும் ஏதாவது ஒன்றைக் கேட்பார்கள். பரபரப்பான நேரத்தில், எதிரே நாலு பேர் நிற்கும்போது, ஒரு காதில் அழுகைச் சத்தமும் இன்னொரு காதில் லிஃப்ட் மணியுமாக இருக்கும்போது, இதையெல்லாம் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

எக்ஸ்சேஞ்ச் பொருத்தும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். உள்ளே வந்த அழைப்பை வெளி லைனுக்குத் திருப்பும் வசதியை அணைத்து வைக்க ஒரு டெக்னீஷியனுக்குப் பத்து நிமிடம் போதும். பொதுமக்களோடு பேசுவதற்காக வைத்த போனில் வெளிநாட்டு அழைப்பு எதற்கு? அதைப் பூட்டாமல் விட்டது யாரோ, பொறுப்பு அவர்களுடையது. நாள் முழுக்க யார் என்ன கேட்டாலும் இணைத்துக் கொடுப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்த வேலையைச் செய்ததற்கே சம்பளத்தைப் பிடிப்பது அநியாயம். இந்தப் பக்கத்தை வெட்டி நிர்வாகத்திடம் கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்னொன்று, சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால் அடுத்த முறை இப்படி ஒரு அழைப்பு வரும்போது ஊழியர்கள் மூச்சு விட மாட்டார்கள், நிர்வாகத்துக்கு விஷயம் தெரிவது பில் வந்த பிறகுதான்.

கேள்வி: பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகம் என்னுடையது. வெள்ளிக்கிழமை மாலை பூட்டினால் திங்கட்கிழமை காலைதான் திறப்போம். போன மாதம் ஒரு சனி, ஞாயிறில் மட்டும் நூற்றுக்கணக்கான அழைப்புகள், எல்லாம் நான் பெயர் கூடக் கேள்விப்படாத நாடுகளுக்கு. கதவு உடைபடவில்லை, காவலாளி இருந்திருக்கிறார். யார் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்? இதில் பணம் யாருக்கு, எப்படிப் போகிறது?

யாரும் உட்காரவும் இல்லை, பேசவும் இல்லை. காவலாளியைச் சந்தேகப்படாதீர்கள், பாவம்.

இதே போன்ற ஓர் அலுவலகத்தின் அழைப்புப் பட்டியலை நான் ஒருமுறை வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். எல்லா வரியிலும் ஒரே எக்ஸ்டென்ஷன் எண். அது வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆன ஓர் ஊழியருடையது, போன் கருவி கூட மேசையில் இல்லை, அலமாரிக்குள் ஒயர் சுற்றிக் கிடந்தது. இரவு 11.52க்கு முதல் அழைப்பு, ஆறு விநாடி. 11.53க்கு இன்னொன்று, ஒன்பது விநாடி. அது வழி திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தது. அப்புறம் இரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. சரியாக 2 மணிக்கு ஒரே நேரத்தில் எட்டு அழைப்புகள் கிளம்பியிருக்கின்றன, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கு மேல். அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது, ஏனென்றால் அந்த எக்ஸ்சேஞ்சில் நானும் கை வைத்திருக்கிறேன், அந்த எக்ஸ்டென்ஷனின் வாய்ஸ்மெயில், அதாவது ஆள் இல்லாதபோது அழைப்பவரின் குரலைப் பதிந்து வைக்கும் பெட்டி, அதன் ரகசிய எண் 1234 ஆகவே இருந்ததை நானும் மாற்றியிருக்கவில்லை.

வழி அதுதான். வாய்ஸ்மெயிலின் ரகசிய எண் 0000, 1234, அல்லது எக்ஸ்டென்ஷன் எண்ணே. இரவில் வெளியிலிருந்து உங்கள் பொது எண்ணுக்கு அழைத்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்ப்பார்கள். ஒன்று திறந்தால், வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதியை எடுத்து அதில் பிரீமியம் எண்ணைப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த எக்ஸ்டென்ஷனுக்கு யார் அழைத்தாலும் உங்கள் செலவில் அழைப்பு வெளியே போகும். சில எக்ஸ்சேஞ்சுகளில், வெளியூர் போகும் அதிகாரிகள் அலுவலக லைனைப் பயன்படுத்த ஒரு தனி வழி வைத்திருப்பார்கள், டைசா என்று எங்கள் தொழிலில் சொல்வது. அதன் ரகசிய எண் கிடைத்தால் வேறு எதுவும் தேவையே இல்லை. இப்போது இணையம் வழியாக ஓடும் எக்ஸ்சேஞ்சுகள் வந்த பிறகு வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் வேலையை முழுக்க மென்பொருளே செய்கிறது. 2020இல் செக் பாயின்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு விவரத்தில், ஒரே கும்பல் ஒரே வருடத்துக்குள் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 1,200 நிறுவனங்களின் எக்ஸ்சேஞ்சுகளைக் குறிவைத்தது தெரிந்தது. அவர்கள் புகுந்தது மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டை வழியாக. அதை அடைக்கும் புதுப்பிப்பு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது, பலர் அதைப் போடவில்லை.

பணம் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் போன் நிறுவனம் அழைப்பை அடுத்த போன் நிறுவனத்துக்குக் கைமாற்றும், அது இன்னொன்றுக்கு, இப்படி மூன்று நான்கு கை மாறி ஏதோ ஒரு நாட்டின் எண்ணில் போய் நிற்கும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் காசு தர வேண்டும். கடைசிக் கையில் நிற்பவர் தன் பங்கை எண்ணை வாடகைக்கு எடுத்தவரோடு பகிர்ந்துகொள்வார், அந்த வாடகைதாரர்தான் திருடர், அல்லது திருடரின் கூட்டாளி. அந்தப் பக்கம் பேசுவதற்கு ஆளே வேண்டாம், ஒரு இயந்திரம் எடுத்து லைனைப் பிடித்து வைத்திருந்தால் போதும். பல சமயம் அழைப்பு அந்த நாட்டை எட்டுவது கூட இல்லை, நடுவழியிலேயே யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பில் மாதம் ஒருமுறை வருகிறது, அவர்களுக்குள் கணக்கு அதைவிட வேகமாக முடிகிறது. இந்த இடைவெளிதான் மோசடியின் உயிர்நாடி. நீங்கள் பில்லைப் பிரித்துப் பார்க்கும்போது அந்த எண்ணை வாடகைக்கு எடுத்தவர் காலி செய்துகொண்டு போயிருப்பார்.

ஏன் வார இறுதி என்றால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை 9 மணி வரை 63 மணி நேரம். ஒரே நேரத்தில் 30 அழைப்பு போகக்கூடிய லைன் என்றால் 1,13,400 நிமிடம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் நார்கிராஸ் என்ற ஊரில் ஏழு பேர் மட்டுமே வேலை செய்த ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்துக்கு 2014 மார்ச் மாதம் ஒரே வார இறுதியில் இப்படி 1,66,000 டாலர் பில் வந்தது. அழைப்புகள் போனது காம்பியா, சோமாலியா, மாலத்தீவு எண்களுக்கு. சின்ன அலுவலகம்தானே, நம்மை யார் தேடி வரப் போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவர்கள் யாரையும் தேடி வருவதில்லை, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று வரிசையாகத் தள்ளிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

பெரியவர்களும் தப்பவில்லை. அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வாய்ஸ்மெயிலுக்குள் 2008 ஆகஸ்டில் ஒரு வார இறுதியில் யாரோ புகுந்து ஆப்கானிஸ்தான், சவூதி அரேபியா, ஏமன் என்று 400க்கும் மேற்பட்ட அழைப்புகளைப் போட்டுவிட்டார்கள், 12,000 டாலர் செலவு. புதிதாக வாய்ஸ்மெயில் மாற்றியபோது ஒப்பந்தக்காரர் விட்டுப்போன ஓட்டை அது. ஃபெமா எந்தத் துறையின் கீழ் இருக்கிறதோ அதே துறை 2003இலேயே இந்த ஆபத்தைப் பற்றி மற்றவர்களுக்கு எச்சரிக்கை விட்டிருந்தது. அடுத்த வருடம், 2009இல், நியூ ஜெர்சியில் தொடுத்த ஒரு வழக்கில் சொன்ன எண்ணிக்கை இன்னும் பெரிது: திருடர்கள் புகுந்தது 2,500க்கும் மேற்பட்ட எக்ஸ்சேஞ்சுகளில், அவற்றிலிருந்து போன அழைப்புகள் 1.2 கோடி நிமிடங்கள், அதன் மதிப்பு 5.5 கோடி டாலர்.

கேள்வி: அதே சிக்கல்தான் எங்களுக்கும். நாங்கள் பேசாத அழைப்புக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? கட்ட மாட்டேன் என்று சொல்ல முடியாதா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும், ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்ச் உங்கள் இடத்தில், உங்கள் பொறுப்பில் இருந்தால் அதிலிருந்து போன அழைப்பு உங்களுடையதே என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அது நியாயமில்லை என்பது என் கருத்து. மாதம் முந்நூறு நிமிடம் பேசும் ஒரு வாடிக்கையாளர் ஒரே இரவில் முப்பதாயிரம் நிமிடம் பேசுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு போன் கூடச் செய்யாத நிறுவனத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. இந்த வாதத்தை எழுத்தில் வையுங்கள். பில்லைக் குறைத்துக்கொண்ட நிறுவனங்கள் இருக்கின்றன.

ஆனால் அதைவிட முக்கியமானது வேகம். தெரிந்த நிமிடமே போன் நிறுவனத்துக்குச் சொல்லி வெளிநாட்டு அழைப்பை நிறுத்தச் சொல்லுங்கள், அடுத்த கைக்குப் பணத்தை விடாமல் பிடித்து வைக்கச் சொல்லி மின்னஞ்சலும் அனுப்புங்கள், பணம் இன்னும் கை மாறாமல் இருந்தால்தான் அவர்களாலும் ஏதாவது செய்ய முடியும். காவல்துறையில் புகார் கொடுத்து நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சின் அழைப்புப் பதிவுகளை முதலில் நகல் எடுங்கள். பதற்றத்தில் டெக்னீஷியனை வரவழைத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டு, அப்புறம் ஆதாரம் எங்கே என்று தேடியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: பள்ளி அலுவலகத்தில் இருக்கிறேன். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. எடுத்தாலே காசு போய்விடும் என்கிறார்கள், மொபைலில் ஹேஷ் 90 அழுத்தினால் சிம்மையே நகல் எடுத்துவிடுவார்கள் என்றும் ஒரு செய்தி வாட்ஸ்ஆப்பில் வந்தது. உண்மையா?

இரண்டும் உண்மை இல்லை. உங்கள் நாட்டிலேயே இருந்துகொண்டு, வந்த அழைப்பை எடுப்பதால் பிரீமியம் கட்டணம் விழாது. ஹேஷ் 90 கதை, மேலே மருத்துவமனைச் சகோதரிக்கு நடந்த அதே எக்ஸ்சேஞ்ச் வித்தை திரிந்து மொபைலுக்கு வந்தது. மொபைலில் அதற்கு இடமே இல்லை.

ஆபத்து திருப்பி அழைப்பதில் இருக்கிறது. இதற்கு வாங்கிரி என்று ஜப்பானியப் பெயர், ஒரு மணி அடித்துத் துண்டிப்பது என்று அர்த்தம். பெற்றோர் யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்று பள்ளிக்கூடம் திருப்பி அழைக்கும், நோயாளியாக இருக்குமோ என்று மருத்துவமனை திருப்பி அழைக்கும். அந்த அக்கறையைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள். பிளஸ் 1 என்று பார்த்ததும் அமெரிக்காவில் இருக்கும் உறவினர் என்று நினைக்க வேண்டாம். 876 ஜமைக்கா, 473 கிரெனடா, 809 டொமினிக்கன் குடியரசு, எல்லாமே பிளஸ் 1க்குள்தான் வருகின்றன. பெற்றோர் என்றால் மறுபடி அழைப்பார்கள், இல்லையென்றால் குறுஞ்செய்தி அனுப்புவார்கள், பதிவேட்டில் அவர்கள் எண்ணும் இருக்கும். உங்கள் இணையதளத்தில் 'எண்ணைத் தாருங்கள், நாங்கள் அழைக்கிறோம்' என்று ஒரு படிவம் இருந்தால் அதையும் பாருங்கள். இப்போது மென்பொருள் வைத்து அந்தப் படிவங்களில் பிரீமியம் எண்களை நிரப்புகிறார்கள், அலுவலகத்தில் இருப்பவர் கடமையாக ஒவ்வொன்றையும் அழைக்கிறார்.

கேள்வி: சின்னதாக ஒரு செயலி நடத்துகிறோம். ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ் செலவு ஒரே வாரத்தில் பல மடங்கு ஏறிவிட்டது, ஆனால் புதிய பயனர்கள் யாரும் சேரவில்லை. இதுவும் நீங்கள் சொல்லும் மோசடியில் சேருமா?

சேரும், அதே திருட்டுதான், குரலுக்குப் பதில் எஸ்எம்எஸ். மென்பொருள் உங்கள் பதிவுப் பக்கத்தில் வரிசையாக எண்களைப் போட்டு ஓடிபி கேட்டுக்கொண்டே இருக்கும், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் காசு கொடுப்பீர்கள், அந்தக் காசில் ஒரு பங்கு கடைசிக் கையில் இருப்பவர் மூலம் திருடருக்குப் போகும். ட்விட்டருக்கு இப்படி வருடம் 6 கோடி டாலர் போனதாக 2023இல் எலான் மஸ்க் சொன்னார். அந்த வருடம் மார்ச் மாதத்தோடு, பணம் கட்டாத பயனர்களுக்கு எஸ்எம்எஸ் வழிப் பாதுகாப்பையே அந்த நிறுவனம் எடுத்துவிட்டது. எஸ்எம்எஸ்தான் என்றில்லை, ஓடிபியைக் குரலில் சொல்லும் வசதியிலும் இதே ஆபத்து உண்டு. இன்ஸ்டாகிராம், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றையும் பிரீமியம் எண்ணுக்கு அழைக்க வைக்க முடியும் என்று பெல்ஜியத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் 2016இல் காட்டினார்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: அனுப்பிய ஓடிபி எத்தனை, அதில் திரும்ப உள்ளிடப்பட்டது எத்தனை. வழக்கமாக இருப்பதைவிட இது திடீரென்று சரிந்தால், எந்த நாட்டில் சரிந்தது என்று பாருங்கள். உங்களுக்குப் பயனர்களே இல்லாத நாடுகளை எஸ்எம்எஸ் சேவை தருபவரின் அமைப்புப் பக்கத்தில் அணைத்துவிடுங்கள். கடைசி இரண்டு மூன்று இலக்கம் மட்டும் மாறி மாறி அடுத்தடுத்த எண்கள் வந்தால் அந்த வரிசையையே தடுத்துவிடலாம்.

கேள்வி: எங்கள் டெக்னீஷியன் அடுத்த வாரம் வருகிறார். அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

வேலையை விட்டுப் போனவர்களின் எக்ஸ்டென்ஷன்களை அழிக்கச் சொல்லுங்கள், அதிலிருந்து ஆரம்பியுங்கள். வாய்ஸ்மெயில் யாரும் கேட்பதில்லை என்றால் எடுத்தே விடுங்கள், வேண்டும் என்றால் ஆறு இலக்க ரகசிய எண் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே வந்த அழைப்பு வெளியே போகும் வழி, டைசா, அழைப்பைத் திருப்பிவிடும் வசதி, இந்த மூன்றும் இப்போது திறந்திருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பூட்டியிருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, வெளியிலிருந்து மொபைலில் அழைத்து முயன்று பார்க்கட்டும். எக்ஸ்சேஞ்சின் நிர்வாகப் பக்கம் இணையத்தில் யாருக்கும் தெரியும்படி இருந்தால் அதை மூட வேண்டும், மென்பொருள் எந்தத் தேதியில் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது என்றும் கேளுங்கள்.

ஆனால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு டெக்னீஷியனும் வேண்டாம். போன் நிறுவனத்துக்கு இன்றே ஒரு கடிதம்: எங்கள் லைனில் வெளிநாட்டு அழைப்பும் பிரீமியம் எண்களும் வேண்டாம், தேவைப்படும் இரண்டு மூன்று நாடுகள் மட்டும் இவை, ஒரு நாளைக்கு இவ்வளவு தொகையைத் தாண்டினால் லைனை நிறுத்திவிட்டு இந்த மொபைல் எண்ணுக்குச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்சுக்குள் யார் புகுந்தாலும் இந்தப் பூட்டு அவர்கள் கைக்கு எட்டாது, அது போன் நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. பதில் எழுத்தில் வரும் வரை விடாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள்.